கண்ணைத் திறந்து வரையச் சொன்னவர்கள்

மதுரையில் ஓவியக் கண்காட்சி நடக்கும் அரங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் ஓவியர் என்று எடுத்துக்கொள்வதில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விதான் என்னை ஒவ்வொரு முறையும் எரிச்சல்படுத்துவது. ஒரு படத்தின் முன் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரலையும் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்:

"இவுக எப்ப தவறுனாக?"

நான் வரைவது உயிரோடு இருக்கிறவர்களை மட்டும்தான். எதிரே உட்கார வைத்து, பகல் வெளிச்சத்தில், பார்த்துப் பார்த்து வரைவேன். புகைப்படத்தை வைத்து வரைவதில்லை. இதை அரங்கின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

காரணம் புரியாமல் இல்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வைக்கிற ஃபிளெக்ஸ் இரண்டு நாளில் இறங்கிவிடும். பிறகு அது யாருடைய மாட்டுக்கொட்டகைக்காவது கூரையாகும். சட்டம் போட்டுச் சுவரில் நிரந்தரமாக ஏறும் முகம் என்றால் அது சாமியாக இருக்க வேண்டும், தலைவராக இருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். என் படங்களில் இருப்பவர்கள் சாமியும் இல்லை, தலைவரும் இல்லை. ஆகவே மக்கள் மிச்சமிருக்கும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். புரிகிறது. புரிந்தாலும் எரிச்சல் குறைவதில்லை.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சேர்த்து வைத்த படங்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகைக்கு அரங்கு பிடித்து மாட்டுவேன். இந்த முறை கிடைத்தது சிம்மக்கல்லில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடி அரங்கு. கீழே மொத்தக் கடைகள். மூட்டை இறக்கும் சத்தம் நாள் முழுக்க மேலே வரும். மாடியில் நல்ல வடக்கு வெளிச்சம். அதற்காகத்தான் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

அன்றன்று காதில் விழுந்ததை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதிவிடுவது என் வழக்கம். கோபம் ஆறிய பிறகு எழுதினால் சொன்னவர்களின் சொற்கள் மாறி என் சொற்களாகிவிடும். முதல் நாளிலிருந்து இவை:

எண்ணெய் வண்ணம் என்று அட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், "என்னா எண்ணெய்ம்மா? நல்லெண்ணெயா?" என்றார். ஆளிவிதை எண்ணெய் என்றேன். "அது எதுக்கு, நல்லெண்ணெய்தான் குளிர்ச்சி" என்று நகர்ந்தார்.

கல்லூரிப் பையன்கள் இருவர். ஒருவன், "மாப்ள, போட்டோ மாதிரியே இருக்குடா." மற்றவன், "அப்ப போட்டோவே எடுத்துருக்கலாம்ல? எதுக்கு இம்புட்டு வேலை?" அதன் பிறகு இரண்டு பேரும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள்.

பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா, பூக்கட்டும் பெண்ணின் படத்தைக் காட்டி, "கொஞ்சம் கலர் ஏத்தியிருக்கலாமே டீச்சர், பாவம் அந்தப் பொண்ணு" என்றார். அந்தப் பெண்ணின் கன்னத்தில் விழும் நீல வெளிச்சத்தைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரையும் வெளுத்துத் தருவதால், கருப்பாக வரைந்தால் அந்த ஆளின் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று நினைக்கிறார்கள்.

ஒருவர் செல்பேசியில் ஓர் ஆதார் அட்டையின் படத்தைக் காட்டினார். "எங்க அப்பா. இது ஒண்ணுதான் இருக்கு. கழுத்துல ஒரு சங்கிலி போட்டு, மீசையக் கொஞ்சம் மேல தூக்கி விட்டு வரைஞ்சு குடுங்க. சிரிச்ச மாதிரி." நான் நேரில் உட்காருபவர்களை மட்டும்தான் வரைவேன் என்றேன். "அவரு எப்பிடிம்மா வந்து உக்காருவாரு?" என்று என்னைக் கல்நெஞ்சக்காரி போலப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலை வரை அந்தப் பார்வை உறுத்திக்கொண்டிருந்தது. அதுவும் ஓர் எரிச்சல்தான்.

ஆனால் அதிகம் பேர் நின்ற படம் பக்கத்து வீட்டு அண்ணனின் படம். அதைச் சுற்றித்தான் எல்லா வம்பும் வந்தது.

அண்ணனுக்குப் பரவை மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடை. பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். நான் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோதே அவர் குடும்பம் அங்கே இருந்தது. ஆள் உயரம், பெரிய மீசை, தெருக்கோடியில் பேசினால் என் வீட்டு அடுப்படியில் கேட்கும் குரல். விடிவதற்கு வெகு நேரம் முன்பே மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். வெயில் ஏறும்போது வீடு திரும்பிச் சாப்பிட்டதும் கண் சொருகும். இந்த முகத்தை வரைய வேண்டும் என்று நான் வெகு நாள் கேட்டேன். "என் மூஞ்சிய எவன் டீச்சர் பாப்பான்? தக்காளிப் பெட்டிய வரைங்க, நல்லா செவப்பா இருக்கும்" என்று தட்டிக் கழித்தார். கடைசியில் அவர் மனைவிதான் சம்மதிக்க வைத்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். "போய் உக்காந்துட்டு வாங்களேன். டீச்சர் காசா கேக்குறாக?"

வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த சற்று நேரத்தில் தூங்கிப்போனார். மறுநாளும் அப்படியே. எழுப்பினால் ஐந்து நிமிடம் தக்காளி விலை பேசுவார்; பிறகு தலை ஒரு பக்கம் சரியும். இரண்டாம் வாரம் நான் எழுப்புவதை நிறுத்திவிட்டேன். தூங்குகிற முகத்தையே வரைந்தேன். பேச்சு போன பிறகு அந்த முகத்தில் அவ்வளவு பெரிய அமைதி இருந்தது. கண் இமைகள் மட்டும் தனியாக ஒரு வாரம் பிடித்தன. இடது இமையின் ஓரத்தில், தூக்கம் கெட்டே பழகியவர்களுக்கு வரும் ஒரு தொய்வு இருக்கிறது. அதற்குரிய நிறம் பழுப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. அது கிடைத்த அன்று நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டேன். இதுவரை நான் செய்ததில் அந்த இமைகள்தான் சிறந்தவை என்று இப்போதும் சொல்வேன்.

படம் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணனுக்கு நெஞ்சில் வலி வந்தது. இதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். அறுவைக்குக் குறித்த நாள் என் கண்காட்சி முடிகிற வாரத்துக்கு அடுத்த வாரம் வந்தது. அண்ணன் வெளியே ஒன்றும் காட்டவில்லை. மதினிதான் ஆளே மாறிப்போனார். வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை வாசலில் பழக்க தோஷத்தில், "சரி மதினி, கிளம்புறேன்" என்றதற்கு, திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க" என்றார். சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் யாரும் சொல்வார்கள்.

அண்ணன் படம் கண்காட்சியில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஒருநாள் மகளோடு வந்து பார்ப்பதாக மதினி சொல்லியிருந்தார். அவர் அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. அரங்கில் மாட்டிய பிறகு காட்டலாம் என்று நான்தான் வைத்திருந்தேன்.

இதற்கிடையில் அரங்கில் அந்தப் படத்தின் முன் தினமும் ஒரு பட்டிமன்றம். கண் மூடியிருப்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"பாத்தியா, தூங்குற மாதிரியே இருக்காரு. நல்ல சாவு."

"இல்ல மாமா, செத்தவுக படத்துல கண்ணு தொறந்துல்ல இருக்கும்?"

"அது போட்டோவ வச்சு வரையிறது. இந்தம்மா நேர்ல பாத்து வரைவாகளாம், வாசல்ல எழுதியிருக்கு. அப்ப எடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து வரைஞ்சிருக்காக."

நான் எழுந்து போய், அவர் உயிரோடு இருக்கிறார், பரவை மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார் என்றேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப ஏன் கண்ண மூடி வரைஞ்சீக?" என்றார். தூங்குகிறார் என்றேன். "தூங்குறவர எதுக்கு வரையணும்? முழிச்சிருக்கப்ப வரைய வேண்டியதுதான?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் அடுத்த படத்துக்குப் போய், "இந்தம்மா எப்ப?" என்று கேட்டுவிட்டார்.

அமாவாசை அன்று மதியம் நான் சாப்பிடப் போனேன். அமாவாசை என்றால் பக்கத்து மெஸ்ஸில் கூட்டம். இலைக்குக் காத்திருந்து சாப்பிட்டுத் திரும்ப வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. படியேறும்போதே மேலே யாரோ உரக்கப் பேசுவது கேட்டது.

அண்ணன் படத்தின் ஆணியிலிருந்து மல்லிகையும் மரிக்கொழுந்தும் கட்டிய மாலை தொங்கியது. நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அடியில் தரையில் ஒரு வாழைப்பழமும் அதில் குத்திய ஊதுபத்தியும். படத்தின் முன்னால் மதினி நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள், அம்மாவின் கையைப் பிடித்தபடி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர்.

செய்தவர் அரங்கின் வாட்ச்மேன். கெட்ட மனிதர் இல்லை. நான் இல்லாதபோதெல்லாம், இவர் எப்போது தவறினார் என்று வருகிறவர்கள் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே சங்கடமாகியிருக்கிறது. அமாவாசையும் அதுவுமாக ஒரு மனிதர் வெறும் நெற்றியோடும் வெறும் கழுத்தோடும் தொங்குகிறாரே என்று, தன் வீட்டுக்கு வாங்கிய பூவிலேயே இவருக்கும் கட்டிவிட்டார். "நீங்க மறந்துட்டீகன்னு நெனைச்சேன் டீச்சர்" என்றார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. திட்ட முடியாத ஆட்கள்தான் எனக்கு எப்போதும் பெரிய சேதத்தைச் செய்கிறார்கள்.

புகைப்படம் என்றால் மேலே கண்ணாடி இருக்கும், சந்தனத்தைத் துடைத்துவிடலாம். எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி கிடையாது. வார்னிஷாவது பூசியிருந்தால் ஓரளவு தப்பித்திருக்கும். வண்ணம் உள்ளே முழுதாகக் காயட்டும் என்று நான் இன்னும் பூசவில்லை. சந்தனமும் குங்குமமும் நேரே வண்ணத்தின் மேல் இருந்தன. என் மனம் முதலில் போனது அந்த நெற்றிக்குத்தான். பிறகுதான் மதினியின் முகத்தைப் பார்த்தேன்.

"மதினி..."

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க." குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "அவருதான வந்து வரையச் சொன்னாரு? பின்னாடிக்கு ஒரு படம் இருக்கட்டும்னு அவருதான சொன்னாரு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மாலைக்காக மட்டும் பயப்படவில்லை. எங்கள் பக்கம் வயதானவர்கள், பிறகு பிள்ளைகள் தேடி அலையக் கூடாது என்று, நன்றாக இருக்கும்போதே ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்து வைப்பதுண்டு. அண்ணன் தன் வலியை மறைத்து, முன்கூட்டியே தெரிந்து, என்னிடம் வந்து அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டார் என்று மதினி நினைத்துவிட்டார்.

"இல்ல மதினி. நான்தான் கேட்டேன். அவரு மாட்டேன்னாரு. நீங்கதான போய் உக்காருங்கன்னு அனுப்புனீக."

"நான் அனுப்புனேன்." அதையே திரும்பச் சொன்னார். "நானே அனுப்புனேன்." அது அவர் கலக்கத்தை இன்னும் அதிகமாக்கியது.

மாலையை எடுத்தேன். ஊதுபத்தியை எடுத்தேன். அரங்கில் மாட்டும்போது சட்டம் உரசி வண்ணம் பெயர்ந்தால் தொட்டுவிட, சின்னப் பெட்டியில் வண்ணக்குழாய்களும் தூரிகைகளும் பஞ்சும் எப்போதும் வைத்திருப்பேன். பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை எடுத்தேன். அது வந்துவிட்டது; குங்குமத்தின் சிவப்பு கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. நான் படத்தின் நெற்றியருகே குனிந்து நிற்க, பின்னால் பொதுமக்கள் யோசனை சொன்னார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

"கிழக்க பாத்து மாட்டுங்க, தோஷம் போயிரும்."

"அதெல்லாம் பத்தாது. வைகையில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும்."

"வைகையில தண்ணி எங்க இருக்கு?"

"எதுக்கு விடணும்? கண்ண மட்டும் தொறந்து விடச் சொல்லு. கோயில்ல சிலைக்கு ஸ்தபதி கண்ணு தொறப்பாகல்ல, அது மாதிரி. வரைஞ்சவுகளே இருக்காக, கையில பிரஷ் இருக்கு."

சொன்னவர் யார் என்று திரும்பிப் பார்த்தேன். அன்று பட்டிமன்றம் நடத்திய அதே மாமா. இரண்டாவது தடவையாக வந்திருக்கிறார். என் வாழ்க்கையில் ஒரு கண்காட்சிக்கு ஒருவர் இரண்டு தடவை வந்தது அப்போதுதான். அது இதற்காகவா இருக்க வேண்டும்.

"ஆமா டீச்சர்," என்றார் மதினி. "கண்ணத் தொறந்து விட்டுருங்க."

முடியாது என்றேன். பொறுமையாகத்தான் சொன்னேன். படம் முடிந்துவிட்டது, எல்லா வெளிச்சமும் அந்த மூடிய இமையை நோக்கித்தான் போகிறது, இமையின் மேல் கருவிழி வரைந்தால் முகமூடிக்கு ஓட்டை போட்ட மாதிரி இருக்கும், தலை சாய்ந்திருப்பது தூக்கத்தில், விழித்திருப்பவர் அப்படிச் சாய்ந்திருக்க மாட்டார். வேண்டுமானால் படத்தை இப்போதே இறக்கி, துணி சுற்றி வைத்துவிடுகிறேன். அண்ணன் திரும்பி வந்த பிறகு கண் திறந்து வேறொரு படம் புதிதாக வரைந்து தருகிறேன். இப்படி நிறையச் சொன்னேன். பள்ளியில் பாடம் நடத்துவதுபோல் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

மதினி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"மயக்க மருந்து குடுப்பாகளாம் டீச்சர். அதுக்கப்புறம் அவரு கண்ணு முழிக்கணும்ல?"

கையிலிருந்த பஞ்சைப் பெட்டியில் வைத்தேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஒரு துணியின் மேல் இருக்கும் வண்ணத்துக்கும் ஆஸ்பத்திரி மேஜையில் படுத்திருப்பவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது எனக்குத் தெரிவதால் மதினிக்கு ஒரு பயனும் இல்லை. அவர் இன்னும் ஒரு வாரம் அந்த வீட்டில் அண்ணனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும், துணி எடுத்து வைக்க வேண்டும், மருத்துவமனை வராந்தாவில் உட்கார வேண்டும். அத்தனை நேரமும் மாலை போட்ட, கண் மூடிய இந்த முகம் அவர் கண்ணுக்குள் நிற்கும்.

தட்டில் வண்ணத்தைப் பிதுக்கினேன்.

அவ்வளவு மோசமான சூழலில் நான் ஒருபோதும் வேலை செய்ததில்லை. பார்வையாளர்கள் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மகள் செல்பேசியில் அப்பாவின் படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் அவர் கல்யாண வீட்டில் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார். மதினி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்: "இடது கண்ணு கொஞ்சம் சின்னது டீச்சர். செவப்பு வேணாம், தெளிவா இருக்கட்டும்." அண்ணனின் கண்ணில் தூக்கமின்மையின் சிவப்பு எப்போதும் உண்டு. தெளிவாகவே வரைந்தேன்.

இடது இமையின் மேல் வெள்ளையை வைத்தேன். ஒரு வாரத்து வேலை இரண்டு தீற்றலில் மறைந்தது. கடைசியாகக் கருவிழிகளில் வெளிச்சப் புள்ளி வைத்தவுடன், பின்னால் கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள்! பூக்கட்டும் பெண்ணுக்கோ, அவள் கன்னத்து நீலத்துக்கோ, வேறு எதற்குமோ தட்டாத கைகள். வாட்ச்மேன் கும்பிட்டார். மாமா பக்கத்தில் வந்து பார்த்து, "இப்பத்தான் படம் படமா இருக்கு" என்றார். மதினி அழுதார், அழுதுகொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்தார், வண்ணம் ஒட்டுவதைக்கூடப் பார்க்காமல். "போயிட்டு வாரேன் டீச்சர்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். பார்த்ததை அன்றிரவே எழுதினேன்: தலை தூங்குகிறது, கண் முறைக்கிறது, பேருந்தில் சாய்ந்து தூங்கியவரின் காலை யாரோ மிதித்துவிட்டது போல இருக்கிறது.

மிச்சமிருந்த நாட்களில் என் கண்காட்சிக்கு இதுவரை வராத கூட்டம் வந்தது. கண் திறந்த படம் எது என்று கேட்டு, நேரே அதற்குப் போய், பார்த்துவிட்டு, மற்ற படங்களைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கினார்கள். ஒரு பெண், தன் மகனின் படத்தைக் கொண்டுவந்தால் அவனுக்கும் ஏதாவது செய்து கொடுக்க முடியுமா, படிப்பே ஏறவில்லை என்று கேட்டார். மகனை நேரில் அனுப்புங்கள், பென்சில் பிடிக்கக் கற்றுத் தருகிறேன் என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

அறுவை நடந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். வகுப்பில் செல்பேசி எடுப்பதில்லை என்பது என் கட்டுப்பாடு. அன்று மேஜை மேல் வைத்திருந்தேன். மாலை மணி அடித்த பிறகுதான் அழைப்பு வந்தது. மதினி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"முழிச்சுட்டாரு."

நான் பள்ளி மைதானத்தில் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என்னையறியாமல், மதினி இனிமேல் வாழ்நாள் முழுக்க இதற்கு அந்தப் படத்தைத்தான் காரணம் சொல்வார், அறுவை செய்த மருத்துவரைச் சொல்ல மாட்டார் என்ற நினைப்பு வந்து எரிச்சலாகவும் இருந்தது. நிம்மதியும் எரிச்சலும் ஒரே சமயத்தில்தான் இருந்தன.

அண்ணன் வீடு திரும்பிய பிறகு படத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி கேட்டிருந்தார். நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இருமினால் தையல் வலிக்கும் என்று அப்படிப் பிடிக்கச் சொல்லியிருந்தார்களாம். குரல் பாதியாகியிருந்தது. படத்தைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினேன். வெகு நேரம் பார்த்தார்.

"இது யாரு டீச்சர்?"

"நீங்கதாண்ணே."

"நான் எப்ப இப்பிடி முழிச்சேன்? பாக்கிப் பணம் கேக்க வந்தவன் மாதிரில்ல இருக்கு."

நடந்ததை மதினி யாரும் அவரிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தார். இப்போது அவரே சொன்னார், மாலையை மட்டும் விட்டுவிட்டு. அண்ணன் சிரிக்கப் பார்த்துத் தையலைப் பிடித்துக்கொண்டார். முன்னாடி எப்படி இருந்தது என்று கேட்டார். நான் வரைந்து முடிக்கும் ஒவ்வொரு படத்தையும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து வைப்பவள். செல்பேசியில் தேடிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய், விரலால் பெரிதாக்கி, இமையைப் பார்த்தார். அந்த ஓரத்தைத்தான் பார்த்தார், நான் சொல்லவில்லை.

"கொடுத்து வச்சவன் மாதிரி தூங்குறான்," என்றார். "இதுதான் டீச்சர் நல்லாருந்துச்சு. இத ஏன் கெடுத்தீக?"

அந்தப் படத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் சரியான வார்த்தை அது. எனக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது.

"மறுபடி கண்ண மூடி விட்டுருங்க," என்றார் அண்ணன்.

"வாயக் கழுவுங்க முதல்ல!" மதினி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். "என்னா பேச்சு பேசுறீக நீங்க? டீச்சர், அதுல யாராச்சும் கைய வச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்."

"என் கண்ணுடி."

"உங்க கண்ணுதான். அதான் தொறந்தே இருக்கட்டும்கிறேன்."

படம் அவர்கள் கூடத்தில் கதவுக்கு மேலே ஏறிவிட்டது. நெற்றியில் குங்குமம் இறங்கிய இடம் கவனித்துப் பார்த்தால் தெரியும். மதினி அதைத் தொடக் கூட விடவில்லை.

அண்ணனோடு நான் தனியாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். உடம்பு தேறியதும் பழையபடி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து என் வீட்டு நாற்காலியில் தூங்க வேண்டும். நான் புதிதாக வரைவேன். மதினியிடம் சொல்லக் கூடாது. அண்ணனுக்கும் சம்மதம். புதிய கித்தானைச் சட்டத்தில் இழுத்து அடித்து, பூச்சு பூசி, தேய்த்துத் தயார் செய்தேன். இமை நிறத்தின் கலவை நாட்குறிப்பில் எழுதியிருந்தது; அதையும் கலந்து பார்த்து வைத்தேன்.

சொன்ன நாளில் வந்தார். அதே நாற்காலி, அதே சன்னல். மீசையை மெனக்கெட்டு முறுக்கியிருந்தார். நான் கரித்துண்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இனி விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் இப்போது இரவெல்லாம் நன்றாகத் தூங்குகிறார். தக்காளி விலையைச் சொன்னார். மருமகன் பெட்டி எண்ணத் தெரியாதவன் என்றார். ஆஸ்பத்திரிச் சாம்பாரைத் திட்டினார். வெயில் சன்னலைத் தாண்டி நகர்ந்துவிட்டது.

"கொஞ்சம் கண்ண மூடுங்கண்ணே."

மூடினார். மூடிய இமைக்குள்ளே விழி உருண்டுகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் தாங்கவில்லை.

"தூக்கம் வரமாட்டேங்குது டீச்சர்," என்று கண்ணைத் திறந்தார். வெள்ளை தெளிவாக, சிவப்பே இல்லாமல் இருந்தது. "நாளைக்கு வாரேன். நாளைக்கு வேணும்னா தயிர்சோறு தின்னுட்டு வாரேன்."